சிறப்புப் படையில் சேர விரும்பும் மகளுக்கு எந்த வழி திறந்திருக்கிறது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்):

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் படிக்கும் என் மகள் என்சிசியில் இருக்கிறாள். ராணுவத்தின் கமாண்டோ பிரிவில்தான் சேருவேன் என்று உறுதியாக நிற்கிறாள். பெண்ணுக்கு அந்த வேலை ஆகாது என்று உறவினர்களில் சிலரும், பெண்களுக்கென்று தேர்வு அளவைக் குறைத்துவிடுவார்கள், எளிதில் கிடைத்துவிடும் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். இரண்டாவது பேச்சுதான் அவளை அதிகம் வருத்துகிறது. இன்றைய நிலையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற சுபேதார், சித்தூர்):

அம்மா, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தரைப்படையில் காலாட்படையும் டாங்கிப் படையும் பெண்களுக்கு இன்னும் திறக்கப்படவில்லை; ஆகவே ராணுவத்தின் சிறப்புப் படையான பாரா கமாண்டோ பிரிவுக்குச் செல்லும் நேர்வழி இப்போது இல்லை. ஆனால் 1992-இல் மருத்துவத்துக்கு வெளியே சில துறைகளில் மட்டும் பெண் அதிகாரிகளைச் சேர்க்கத் தொடங்கிய ராணுவம் நெடுந்தூரம் வந்திருக்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி உரிமையை உறுதி செய்தது. 2022-இல் தேசிய பாதுகாப்பு அகாடமியில் பெண்கள் நுழைந்தார்கள். 2023-இல் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்த பெண்கள் பீரங்கிப் படைக்கே அதிகாரிகளாகச் சென்றார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் படை 2021-இல் தன் மகளிர் பட்டாலியன்களிலிருந்து 34 பேரைத் தேர்ந்து, மாவோயிஸ்டுகளை எதிர்கொள்ளும் கோப்ரா கமாண்டோ பிரிவில் சேர்த்தது. உங்கள் மகள் பட்டப்படிப்புடன் என்சிசி 'சி' சான்றிதழும் பெற்றால், எழுத்துத் தேர்வு இல்லாமலேயே அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம்.

பதில் 2 (வாளையாறு):

பெண்களின் துணிவை நான் சந்தேகிக்கவில்லை. குழுவின் திறன் குறையுமோ என்பதே என் கவலை. 2015-இல் அமெரிக்க மரைன் படை நடத்திய ஒப்பீட்டில், 134 பணிகளில் 93-இல் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்கள் முன்னிலை பெற்றன. காயம்பட்ட வீரரைத் தூக்கி வர வேண்டிய நேரத்தில் இந்த வேறுபாடு உயிர்களோடு தொடர்புடையது என்பதை மறக்கலாகாது.

பதில் 3 (உடற்கல்வி ஆசிரியை, கோவிந்தாபுரம்):

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்த ஆய்வு குழுக்களின் சராசரியைக் காட்டுகிறது. சிறப்புப் படையோ சராசரி ஆண்களையும் ஏற்பதில்லை, ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்துப் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்புகிறது. அதே 2015-இல் கிறிஸ்டன் கிரீஸ்ட், ஷே ஹேவர் என்ற இரு பெண்கள், ஆண்களுக்கு வைத்த அதே சோதனைகளில் தேறி கடும் போர்ப் பயிற்சி தரும் அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பள்ளியை முடித்தார்கள். பின்னர் காலாட்படை அதிகாரியான கிரீஸ்ட், போர்ப் பிரிவுகளில் பெண்களுக்குத் தனி மதிப்பெண் கூடாது என்று 2021-இல் வெளிப்படையாக எழுதினார். அளவு குறைந்தால் தகுதியால் வந்தவர் மீதும் சந்தேகம் விழும் என்பது அவருக்குத் தெரியும். நம் கேப்டன் லட்சுமியின் தாய்வீட்டு ஊரான ஆனக்கரை இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1943-இல் சிங்கப்பூரில் அவர் தலைமையேற்ற, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து மகளிர் பிரிவான ஜான்சி ராணி படையில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் என்பதையும் உறவினர்களிடம் சொல்லுங்கள், அக்கா.

பளு தூக்குவது, சுமையோடு நடப்பது என்று அந்தந்தப் பணி கேட்கும் அளவை வகுத்து, அதை இருபாலருக்கும் ஒன்றாக வைக்க வேண்டும்; அதில் தேறியவரைப் பெண் என்பதற்காகத் தடுக்கக் கூடாது. இது என் உறுதியான கருத்து. பயிற்சியின் முறை மட்டும் உடலுக்கேற்ப அமையலாம். பாரம் சுமக்கும் பயிற்சியில் பெண்களுக்குக் கால், இடுப்பு எலும்புகளில் நுண்முறிவு கூடுதலாக ஏற்படுகிறது. சுமையைத் திடீரென்று கூட்டுவதும், போதிய உணவும் இரும்புச்சத்தும் இல்லாததும், ஆண்களின் உடலுக்கென்று தைத்த முதுகுப்பையும் அந்த ஆபத்தை வளர்க்கின்றன.

கேட்டவர்:

நன்றி. 'சி' சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகும்படி அவளிடம் சொல்கிறேன். முதுகுச்சுமைப் பயிற்சியை எப்போது தொடங்கலாம்?

பதில் 3:

முதலில் மருத்துவரிடம் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா. சில மாதங்கள் ஓட்டமும் கால், முதுகுத் தசைகளுக்கான பளுப் பயிற்சியும் நடக்கட்டும். பிறகு குறைந்த எடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கெண்டைக்கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி நீடித்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.