புதுப்பிப்பு: காலையில் வந்த கடகட சத்தம் நின்றது

என் 150 சிசி பைக்கில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகட சத்தம், சூடானால் குறைகிறது என்று எழுதியிருந்தேன். டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) தளர்ந்திருக்கும் என்றுதான் பலரும் சொன்னீர்கள். அதற்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன், சரியாகவே இருந்தது.

அப்புறம் கேம் செயின் டென்ஷனரை (வால்வுகளை இயக்கும் செயினைத் தண்டால் அழுத்தி இறுக்கமாக வைக்கும் பாகம்) கழற்றினேன். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி வைத்த பிறகுதான். டென்ஷனர் இல்லாமல் கிராங்க்கை (பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் அச்சு) சுற்றினால் செயின் பல் தாண்டிவிடலாம், வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். கையில் எடுத்துப் பார்த்தால், நீண்டிருந்த தண்டு விரலால் அமுக்கியதுமே உள்ளே போகிறது! நல்ல டென்ஷனரில் அது அசையவே கூடாது.

புதியது போட்டேன், கேஸ்கெட்டும் (ஆயில் கசியாமல் இடையில் வைப்பது) புதிது. ஸ்க்ரூடிரைவரால் திருகித் தண்டை உள்ளே இழுத்துப் பிடித்தபடி பொருத்த வேண்டும். விட்டதும் 'டக்'கென்று இறுக்கிக்கொள்கிறது. மூன்று நாளாகச் சத்தமே இல்லை. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைப் பிரிக்கச் சொன்ன மெக்கானிக்கிடம் இன்னும் சொல்லவில்லை.