ஈயத்தோடு மோதும்போது ஜே/சை ஏன் குறைகிறது?

கேள்வி (எம்.எஸ்சி. மாணவி):
துறைக் கருத்தரங்குக்குத் தயாராகிறேன். ஐரோப்பிய துகள் இயற்பியல் மையமான செர்னின் எல்.எச்.சி. முடுக்கியில் 2013-இல் புரோட்டானை ஈய அணுக்கருவோடு, நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) இணைக்கு 5.02 டெவ் (டெவ் என்பது லட்சம் கோடி எலெக்ட்ரான்வோல்ட்) ஆற்றலில் மோதவிட்டார்கள். புரோட்டான் போகும் திசையில் அங்குள்ள ஆலிஸ் கருவிக்குக் கிடைத்த ஜே/சை (சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் பிணைந்த துகள்), எதிர்பார்த்ததில் சுமார் 70 விழுக்காடுதான். ஈயம் போகும் பக்கம் குறைவே இல்லை. குவார்க்-குளுவான் பிளாஸ்மாதான் (குவார்க்குகளும் குளுவான்களும் கட்டவிழ்ந்து திரியும் சூடான நிலை) காரணம் என்று எழுதலாமா?

பதில் 1 (மியூவான் தரவில் வேலை செய்பவன்):
எழுதாதீங்க. "எதிர்பார்த்தது" என்றால் புரோட்டான்-புரோட்டான் மோதலில் கிடைப்பதன் 208 மடங்கு. ஈயத்தில் 208 நியூக்ளியான் இருப்பதால் இந்தக் கணக்கு. ஆனால் சார்ம் இணையை (சார்ம் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும்) பிறப்பிப்பது, குவார்க்குகளைப் பிணைக்கும் துகள்களான குளுவான்கள். புரோட்டான் பக்கம் பார்க்கும்போது ஈயத்துக்குள் நாம் தொடுவது நியூக்ளியானின் உந்தத்தில் லட்சத்தில் சில பங்கு அளவே சுமக்கும் குளுவான்களை. அங்கே ஒரு நியூக்ளியானின் குளுவான்கள் அடுத்ததன்மீது படிந்துவிடுகின்றன. மொத்தம் 208 மடங்கு தேறாது. இதுதான் நிழலாக்கம். ஈயத்தின் பக்கம் அந்தப் பங்கு நூற்றில் ஒன்று அளவுக்கு உயர்கிறது, நிழல் விலகுகிறது.

பதில் 2:
நிழலாக்கம் மட்டுமே என்று முடிக்க வேண்டாம். அணுக்கருவைக் கடக்கும்போது சார்ம் இணை குளுவானை உமிழ்ந்து ஆற்றல் இழக்கிறது என்ற கணக்கும் இதே தரவோடு பொருந்துகிறது. டி மெசானும் (ஒரே ஒரு சார்ம் குவார்க் உள்ள துகள்) முன்திசையில், அதாவது புரோட்டான் போகும் பக்கம், குறைவதை எல்.எச்.சி.பி. என்ற இன்னொரு கருவி அளந்திருக்கிறது.

பதில் 1:
சரிதான். ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது சை(2எஸ்). அதுவும் அதே சார்ம் இணைதான், ஜே/சையைவிடத் தளர்வாகப் பிணைந்த நிலை. நிழலும் ஆற்றலிழப்பும் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் பாதிக்க வேண்டும். அளந்தால், ஈயம் போகும் பக்கத்திலும் சை(2எஸ்) பலமாகக் குறைகிறது! எல்.எச்.சி. ஆற்றலில் அந்த இணை மெசானாக உருப்பெறும் முன்பே அணுக்கருவைத் தாண்டிவிடும். ஆகவே அணுக்கரு அதை உடைத்தது என்றும் சொல்ல வழியில்லை. கூடவே பறக்கும் துகள்கள் பிறகுதான் உடைத்திருக்க வேண்டும். இரண்டு டி மெசானாகப் பிரிய சை(2எஸ்)-க்கு சுமார் 45 மெவ் (மெவ் என்பது பத்து லட்சம் எலெக்ட்ரான்வோல்ட்) போதும், ஜே/சைக்கு 630 மெவ் தேவை. கருத்தரங்கில் இந்த இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்க.

கேட்டவர்:
பாட்டம் குவார்க்கிலும் இப்படியா?

பதில் 1:
ஆமாம். புரோட்டான்-ஈய மோதலில் உப்சிலானின் (பாட்டம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் பிணைந்த துகள்) 1எஸ், 2எஸ், 3எஸ் நிலைகளை, அதாவது வரிசையாகப் பிணைப்பு தளரும் மூன்று நிலைகளை, எல்.எச்.சி.யின் சி.எம்.எஸ். கருவி அளந்தது. பிணைப்பு தளரத் தளர, குறைவும் கூடிக்கொண்டே போகிறது.