45,000 வெள்ளி, 35 வருட வீடு: எதை முதலில் செய்வது?

லங்காட்கரை:
மலேசியா, பந்திங்கில் அம்மாவின் ஒற்றை மாடி வரிசை வீடு, ஓட்டுக்கூரை, கட்டி 35 வருடம். கையில் 45,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது, கடன் வாங்க விருப்பமில்லை. நடு அறை சீலிங்கில் மழைக்கறை. பெருமழை பெய்தால் மின்சாரம் டிரிப் ஆகிறது. குளியலறைத் தரை வழுக்குகிறது, அம்மாவுக்கு 72 வயது. அண்ணன்மார் சமையலறையைப் பின்பக்கம் 10 அடி நீட்டி, தீபாவளிக்குள் புது கேபினெட் போடச் சொல்கிறார்கள். பணத்தை எப்படிப் பிரிப்பது?

கைமரம்:
அக்கா, எடுத்ததும் பிரிக்காதீர்கள். முதலில் 15 சதவீதம், அதாவது 6,750 வெள்ளியை ஒதுக்கி வையுங்கள். பழைய வீட்டில் சீலிங்கைக் கழற்றிய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். மீதி 38,250க்குள் கூரை, வயரிங், குளியலறை மூன்றுக்கும் தனித்தனியாகக் கொட்டேஷன் வாங்குங்கள். அவை போக மிஞ்சுவதுதான் சமையலறைக்கு.

முதல் வேலை கூரை. கறைக்கு நேர் மேலேதான் ஒழுகுகிறது என்று நம்ப வேண்டாம். தண்ணீர் ஓட்டைத் தாங்கும் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடி, ஏதோ ஒரு மூட்டில் வந்துதான் சொட்டும். நடுப்பகலில் சீலிங்குக்குள் ஏறி, டார்ச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் எங்கெங்கே தெரிகிறதோ அங்கே சாக்பீஸால் குறியுங்கள். வரிசை வீட்டில் அதிகம் கெடுவது, பக்கத்து வீட்டுப் பொதுச் சுவரும் ஓடும் சேருகிற கோடுதான். அங்கே பூசிய சிமெண்டு வெயிலுக்கும் மழைக்கும் விரிந்து சுருங்கி மயிரிழையாக வெடிக்கும். அதன்மேல் மறுபடி சிமெண்டு அப்பினால் அதுவும் அப்படியே வெடிக்கும். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, அந்தக் கோட்டை மூட ஓர் உலோகத் தகடு வைத்து, அதன் ஒரு விளிம்பைச் சுவருக்குள் ஓர் அங்குலம் செருகி, மறு விளிம்பை ஓட்டின்மேல் 6 அங்குலம் படியவிட்டு, மேலே சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) போடச் சொல்லுங்கள்.

ஏறும்போதே கைமரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நுனி பொதுக்கென்று இறங்கினாலோ மண்கோடு தெரிந்தாலோ கறையான்தான். புது மரம் போடும் முன் மருந்தடிக்க வேண்டும். அந்தக் காலத்துச் சீலிங் பலகை ஆஸ்பெஸ்டாஸாகவும் இருக்கலாம். உடைக்கவோ துளை போடவோ விடாதீர்கள், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பழக்கப்பட்டவரை வைத்து, நனைத்து, முழுசாக இறக்கித் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும்.

கம்பிக்காரன்:
மழையில் மட்டும் டிரிப் ஆகிறது என்றால் ஒழுகலும் டிரிப்பும் ஒரே கோளாறாக இருக்கலாம் அக்கா. மெயின் பெட்டியில் எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சுவிட்ச்) இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் ஏற்றுங்கள். பிறகு எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றினால், எதில் விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுந்தால் நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொடுகிறது, இல்லையென்றால் ஆர்சிசிபியே பழுது. எப்படியும் டிரிப் ஆகாமலிருக்க ஆர்சிசிபியைத் தாண்டி இணைப்புக் கொடுக்க யாரையும் விடாதீர்கள். உயிரைக் காப்பது அதுதான்.

முழு வயரிங்கும் மாற்றுவதானால் விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, வாட்டர் ஹீட்டருக்குத் தனி லைனாக 4 சதுர மில்லிமீட்டர் கம்பி. ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, பிளக்குகளுக்கு 30. எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனிடம் கொடுங்கள். சுவரைக் கொத்த வேண்டியிருப்பதால் பூச்சுக்கும் பெயிண்டுக்கும் முன்பே இது முடிய வேண்டும்.

சாந்துக்கரண்டி:
குளியலறையில் பழைய டைல்மேல் டைல் ஒட்டாதீர்கள், தரை உயர்ந்து தண்ணீர் வெளியே வரும். கான்கிரீட் வரை கொத்தி, புளோர் டிராப் (தரையில் தண்ணீர் இறங்கும் வாய்) பக்கம் 80க்கு 1 சரிவு கொடுத்து, வாட்டர்புரூப் பூச்சு இரண்டு கை, சுவரில் ஓர் அடி ஏற்றி. பூச்சு காய்ந்ததும் டிராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்காவிட்டால்தான் டைல். தரைக்கு ஆர் 11 என்று குறித்த, வழுக்காத சொரசொரப்பு டைல் கேளுங்கள். கைப்பிடிக் கம்பியின் போல்ட் டைலோடு நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். அம்மா உள்ளே விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

சமையலறை நீட்டிப்பை இந்தப் பணத்தில் தொடாதீர்கள். பந்திங் இருக்கிற கோல லங்காட் கரையோரம் மெத்தென்ற களிமண். பழைய வீடு எப்போதோ இறங்கி நின்றுவிட்டது, புதிது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் இரும்புக் கம்பியால் கட்டினால் சேருமிடம் கிழியும். பாக்காவ் மரம் (சதுப்புநிலக் காட்டுக் கழி) மண்ணுக்குள் அடித்துத் தனி அஸ்திவாரம் போட்டு, நடுவே அரை அங்குல இடைவெளி விட்டுச் சீலண்ட் நிரப்ப வேண்டும். அதற்கு முன் நகராண்மைக் கழகத்தில் பெர்மிட். இப்போதைக்கு இருக்கிற இடத்திலேயே அலுமினியக் கேபினெட் போதும், கறையானும் அண்டாது.

லங்காட்கரை:
நன்றி. தீபாவளிக்குள் முடிக்க எப்போது தொடங்கலாம்? முன்பணம் எவ்வளவு?

கைமரம்:
ஜூன், ஜூலையில் கூரையைப் பிரியுங்கள். அக்டோபரில் இங்கே பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும், தீபாவளி நெருக்கத்தில் ஆளும் கிடைக்காது. முன்பணம் 10 சதவீதம், பிறகு முடிந்த வேலைக்கு மட்டும். கடைசி 10 சதவீதத்தை ஒரு நல்ல மழை பெய்து சீலிங் காய்ந்திருப்பதைப் பார்த்த பிறகு கொடுங்கள். தகட்டின் தடிப்பு, கம்பியின் அளவு, டைல் வகை எல்லாம் கொட்டேஷனில் எழுத்தில் இருக்கட்டும். தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம். அங்கே அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.