புதிய பாடமும் முனைவர் பட்ட முன்மொழிவும் கல்விக் குழுவுக்குச் செல்லாமலேயே திரும்பி வந்துவிட்டன: என்ன விடுபட்டிருக்கும்?

கோப்புச்சுமை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் துறையிலிருந்து ‘மொழித் தொழில்நுட்பம்’ என்ற புதிய விருப்பப் பாடத்தையும், துறையில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்குவதற்கான முன்மொழிவையும் அனுப்பியிருந்தோம். எங்கள் துறையின் பாடத்திட்டக் குழு ஒப்புக்கொண்டு தீர்மானமும் நிறைவேற்றிவிட்டது. இருந்தும், அதற்கு மேல் ஒப்புதல் தர வேண்டிய கல்விக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்படாமலேயே கோப்பு திரும்பி வந்துள்ளது. ‘பாடத்திட்டக் குழு ஒப்புதல் முழுமையாக இல்லை, நேர அளவு பொருந்தவில்லை’ என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். தீர்மானத்தின் நகலை நாங்கள் இணைத்துத்தான் அனுப்பினோம். வரும் பருவத்திலேயே பாடத்தைத் தொடங்க வேண்டியிருப்பதால், இத்தகைய குறிப்பைச் சந்தித்தவர்கள் விரைவில் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெண்பலகை

நண்பரே, முக்கியமான தகவலைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். உங்களுடையது பல்கலைக்கழகத் துறையா, தன்னாட்சிக் கல்லூரியா, தன்னாட்சி இல்லாத இணைவுக் கல்லூரியா? இணைவுக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தை வகுக்கும் அதிகாரமே பல்கலைக்கழகத்தின் குழுவிடம் இருக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் குழுவே வகுத்து, உங்கள் கல்விக் குழுவே ஒப்புதல் தரும். பாடம் இளநிலைக்கா முதுநிலைக்கா, எத்தனை கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் மதிப்பு), செய்முறை உண்டா என்பதையும் சொல்லுங்கள். இவை தெரியாமல் எவர் சொல்வதும் ஊகமாகவே இருக்கும்.

நிரல்

எனக்கு ஊகிக்கவே தேவையில்லை. இது கையொப்பச் சிக்கல். பாடத்திட்டக் குழுவில் வெளி வல்லுநர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்திற்கு அவர்கள் வந்திருப்பார்கள், பேசியிருப்பார்கள், தேநீர் இடைவேளைக்குப் பிறகு வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடாமல் புறப்பட்டுப் போயிருப்பார்கள். ‘முழுமையாக இல்லை’ என்று எழுதப்பட்டால் பத்தில் ஒன்பது இடங்களில் காரணம் இதுதான். கூட்டக் குறிப்பின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்.

விதிநூல்

இதே கேள்விக்கு நான் பலமுறை விரிவாக விடை எழுதியிருக்கிறேன். பிறரை ஆய்வுக்கு வழிநடத்த விரும்புகிறவர்கள், முன்னர் எழுதப்பட்டதைத் தேடிப் படிக்கும் பழக்கத்தையாவது வளர்த்துக்கொள்வது நல்லது. புதிய பாடம் எதையும் பல்கலைக்கழகத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கல்லூரியும் தொடங்க முடியாது என்பது அடிப்படை. அதைப் பெறாமல் கல்விக் குழுவுக்குக் கோப்பை அனுப்பினால், திரும்பி வருவதைத் தவிர வேறு என்ன நடக்கும்?

வெண்பலகை

ஐயா, தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு நீங்கள் சொல்வது பொருந்தாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டுத் தன்னாட்சி விதிமுறைகள், பாடத்திட்டத்தை வகுப்பதையும் திருத்துவதையும் கல்லூரியின் பொறுப்பிலேயே விட்டுள்ளன. புதிய பட்டப்படிப்பு ஒன்றைக்கூடத் தன் கல்விக் குழுவின் ஒப்புதலுடனும், தேவைப்படும் இடங்களில் சட்டப்பூர்வ ஒழுங்குமுறை மன்றங்களின் ஒப்புதலுடனும் தொடங்கிவிட்டுப் பல்கலைக்கழகத்திற்குத் தெரிவிக்கலாம். பட்டத்தின் பெயர் மட்டும் அதே மானியக் குழு 2014இல் அறிவித்த பட்டங்களின் பட்டியலோடு ஒத்திருக்க வேண்டும். இங்கே கேட்கப்படுவதோ, ஏற்கெனவே நடந்துவரும் படிப்பில் சேரும் ஒரு விருப்பப் பாடம்.

விதிநூல்

தெரிவிப்பதும் ஒப்புதல் பெறுவதும் நடைமுறையில் ஒன்றே என்பது நிர்வாகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கோப்புச்சுமை

அனைவருக்கும் நன்றி. எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி, துறை மொழியியல். பாடம் முதுநிலை மூன்றாம் பருவத்திற்கானது. மொழியியல் மாணவர்களும் கணினி அறிவியல் மாணவர்களும் எடுக்கலாம், செய்முறையைக் கணினித் துறையினர் நடத்துவார்கள். மொத்தம் 4 கிரெடிட், 60 மணி நேரம். வெளி வல்லுநர்கள் அனைவரும் கையொப்பமிட்டுள்ளனர்.

அளவுகோல்

நேர அளவு ஏன் பொருந்தவில்லை என்பதை உங்கள் விடையிலிருந்தே சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன். நான்கு கிரெடிட்டில் செய்முறைக்கு எத்தனை?

கோப்புச்சுமை

மூன்று கருத்தியல், ஒன்று செய்முறை. நான்கு அலகுகள் கருத்தியல், ஐந்தாம் அலகு செய்முறை. அலகுக்கு 12 மணி நேரம்.

அளவுகோல்

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. வழக்கமான கணக்கில் கருத்தியல் பாடத்தின் ஒரு கிரெடிட் என்பது வாரத்திற்கு ஒரு மணி நேரம், அதாவது பருவத்திற்கு 15 மணி நேரம். செய்முறையில் ஒரு கிரெடிட்டுக்கு அதைப் போல் இரு மடங்கு, 30 மணி நேரம். ஆகவே உங்கள் பாடத்திற்கு 45 மணி நேரக் கருத்தியலும் 30 மணி நேரச் செய்முறையும் சேர்ந்து 75 மணி நேரம் ஆக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதோ 48 மணி நேரக் கருத்தியலும் 12 மணி நேரச் செய்முறையும். ஐந்து அலகுகளுக்குச் சமமாகப் பிரித்துப் போடும் பழைய படிவத்தில் செய்முறையைச் செருகும்போதெல்லாம் இது நேர்கிறது. கால அட்டவணை போடுகிறவரும் தேர்வுப் பிரிவும் முதலில் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான், ஏனென்றால் ஆய்வகம் கிடைக்குமா, ஆசிரியரின் வாராந்திரப் பணிச்சுமை எவ்வளவு ஆகும் என்பவை எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

கருத்தியல் அலகுகளை 45 மணி நேரத்திற்குள் சுருக்கி, செய்முறையை அலகாகக் காட்டாமல் பயிற்சிகளின் பட்டியலாகத் தனியே எழுதுங்கள். மதிப்பெண் பங்கீட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

வெண்பலகை

முதல் குறிப்புக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. கணினி அறிவியல் துறையின் பாடத்திட்டக் குழுவில் இந்தப் பாடம் வைக்கப்பட்டதா? ஒரு துறையின் குழு தன் படிப்புக்கு மட்டுமே பாடத்தைச் சேர்க்க முடியும். அந்த மாணவர்களின் விருப்பப் பாடப் பட்டியலில் இது இடம்பெற வேண்டுமானால் அவர்களுடைய குழுவும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். செய்முறையை நடத்த அத்துறையின் ஆசிரியர்களை ஒதுக்குவதாக இருந்தால், அந்தத் துறைத்தலைவரின் எழுத்துமூலமான இசைவும் கோப்பில் இருப்பது நல்லது. வாய்மொழியாக ஒப்புக்கொண்டவர் அடுத்த ஆண்டு பொறுப்பில் இல்லாமல் போகலாம்.

குழுவில் இதை வைக்கும்போது அவர்கள் கேட்கக்கூடியவை இவை: தங்கள் படிப்பில் ஏற்கெனவே இருக்கும் இயல்மொழிச் செயலாக்கப் (மனித மொழியைக் கணினியால் கையாளும்) பாடத்தோடு இது எவ்வளவு மேற்பொருந்துகிறது, நிரல் எழுதத் தெரியாத மொழியியல் மாணவரும் ஒலியனியல் அறியாத கணினி மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்தால் முன்தேவை என்ன, எந்த ஆண்டு சேர்ந்த மாணவர்களிலிருந்து இது நடைமுறைக்கு வருகிறது. கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நடைமுறைக்கு வரும் ஆண்டு தீர்மானத்தில் இல்லையென்றால் தேர்வுப் பிரிவு பாடக் குறியீட்டு எண் தராது.

ஓரக்குறிப்பு

இடையில் புகுவதற்குப் பொறுத்தருளுங்கள். முன்தேவையைக் குழுக்கள் கேட்கும் என்று வெண்பலகை அவர்கள் எழுதியிருப்பது என் அனுபவத்தோடு ஒத்துப்போகவில்லை. நான் அமர்ந்த கூட்டங்களில் பாதி நேரம், பாடத்தின் முடிவில் மாணவர் பெறும் திறன்களைச் சொல்லும் கற்றல் விளைவுகளில் ‘அறிந்துகொள்வர்’ என்பதற்குப் பதிலாக ‘பகுத்தாய்வர்’ என்று போட வேண்டுமா என்பதிலும், அட்டவணையில் ஒவ்வொரு விளைவுக்கும் எதிரே மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்களை நிரப்புவதிலுமே கழிந்திருக்கிறது. இறுதியில் உள்ள நூல் பட்டியல் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்றுகூட ஒருவரும் பார்க்கவில்லை.

அளவுகோல்

அந்த அட்டவணை குறித்த சலிப்பு புரிகிறது, ஆனால் பழியை அதன்மேல் போடுவது சரியன்று. கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாக வரிசைப்படுத்தும், 1956இல் வெளிவந்து 2001இல் திருத்தப்பட்ட புளூம் வகைப்பாட்டின் பயன், வினாத்தாள் அமைக்கும்போதுதான் தெரியும். உங்கள் பாடத்தில் மாணவர் ஓர் ஒலித்தொகுப்பை (பேச்சுப் பதிவுகளின் திரட்டு) உருவாக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, தேர்வில் ஒலித்தொகுப்பின் வரையறையை மட்டும் கேட்டால், அந்த முரண்பாட்டைக் காட்டித்தரும் கருவி அதுவே.

ஓரக்குறிப்பு

அதைக் காட்டித்தர வினாத்தாளும் பாடத்திட்டமும் அருகருகே இருந்தால் போதுமே. பதினைந்து கட்டங்களில் எண்களை நிரப்பிய ஆசிரியரிடம், இந்த இடத்தில் ஏன் இரண்டு என்று கேட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டுக் கோப்பிலிருந்து அப்படியே எடுத்தது என்பார்.

அளவுகோல்

அப்படிக் கேட்பதற்குத்தான் குழு இருக்கிறது. கேட்காமல் விட்டது குழுவின் குறை.

விதிநூல்

வகைப்பாட்டின் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உச்சப் படிநிலைகள் இரண்டும் இடம் மாறியதைக்கூட அறியாதவர்கள் அட்டவணையைக் குறை சொல்வது வியப்பளிக்கவில்லை.

ஆய்வுநெறி

விவாதம் சுவையாக இருக்கிறது, ஆனால் முனைவர் பட்ட முன்மொழிவைப் பற்றி எவரும் பேசவில்லை. கோப்புச்சுமை அவர்களே, குறிப்பில் அதைப் பற்றி ஒன்றுமே எழுதப்படவில்லையா? முழுக் குறிப்பையும் இங்கே அப்படியே தட்டச்சு செய்யுங்கள்.

கோப்புச்சுமை

மூன்றாவது வரி ஒன்று இருக்கிறது. அது அலுவலக வழக்கமான வரி என்று நினைத்து எழுதவில்லை. ‘இரண்டாம் பகுதி இக்குழுவின் வரம்புக்கு உட்பட்டதன்று.’

ஆய்வுநெறி

மூன்றிலும் முக்கியமானது அந்த வரிதான். விருப்பப் பாடமும் முனைவர் பட்ட ஆய்வும் ஒரே கோப்பில் பயணம் செய்யக் கூடாதவை. பாடத்தின் பயணம் உங்கள் கல்லூரிக்குள்ளேயே முடிந்துவிடும். முனைவர் பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம் என்பதால், உங்கள் துறை ஆய்வு மையமாக அங்கீகாரம் பெற அந்தப் பல்கலைக்கழகத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி அனுப்பும் கடிதத்திற்குப் பின்னால் உங்கள் கல்விக் குழுவின் பரிந்துரை இருப்பது நல்லதே, ஆனால் ஒப்புதல் அங்கிருந்தே வர வேண்டும். அவர்கள் வல்லுநர் குழுவை அனுப்பி நேரில் பார்க்கவும் கூடும்.

பார்க்கிறவர்கள் பாடத்திட்டத்தைவிட ஆட்களையே எண்ணுவார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, ஆய்வை வழிநடத்தத் தகுதியுள்ள நெறியாளர்கள் இருக்க வேண்டும். நெறியாளர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். பேராசிரியருக்கும் இணைப் பேராசிரியருக்கும் மதிப்பாய்வு இதழ்களில் குறைந்தது ஐந்து கட்டுரைகளும், உதவிப் பேராசிரியருக்கு மூன்று கட்டுரைகளும் தேவை. ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை ஏற்க முடியாது. இந்தக் கடைசி விதிதான் பல துறைகளின் கணக்கைக் கவிழ்க்கிறது, ஏனென்றால் முன்மொழிவில் முதற்பெயராக நிற்கும் மூத்த பேராசிரியரே பெரும்பாலும் ஓய்வை நெருங்கியவராக இருப்பார்.

ஆய்வுப் பயிற்சிப் பாடங்களுக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். அதில் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் என்ற 2 கிரெடிட், 30 மணி நேரப் பாடம் கட்டாயம். மொழியியலையும் கணினியையும் இணைக்கும் ஆய்வுக்குக் கணினித் துறையிலிருந்து இணை நெறியாளரை அமர்த்த விதியில் இடம் இருக்கிறது, ஆகவே தனித் துறை உருவாக்க வேண்டியதில்லை. உங்கள் துறையில் நெறியாளர் தகுதி உடையவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஓய்வுக்கு நெருங்கியவர் உண்டா?

நிரல்

நெறியாளர் பட்டியலிலும் ஒவ்வொருவரின் கையொப்பமும் வேண்டும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கோப்புச்சுமை

கோப்பை இரண்டாகப் பிரித்துவிட்டோம். நேர அளவு 75 ஆக மாற்றப்பட்டது. கணினித் துறையின் பாடத்திட்டக் குழு அடுத்த வாரம் கூடுகிறது, நிகழ்ச்சி நிரலில் எங்கள் பாடம் சேர்க்கப்பட்டுள்ளது. அனைவருக்கும் நன்றி.

ஆய்வுநெறி

மகிழ்ச்சி. நெறியாளர்கள் குறித்த என் கேள்விக்கு விடை வரவில்லையே.

இளந்துறை

இந்த இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எங்கள் துறையில் எவரும் எடுக்காத பழைய விருப்பப் பாடம் ஒன்றை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்க நினைக்கிறோம். நீக்குவதற்கும் இதே வழியில்தான் செல்ல வேண்டுமா?

வெண்பலகை

ஆம், சேர்த்த வழியிலேயே நீக்க வேண்டும், பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதற்கு முன் தேர்வுப் பிரிவில் ஒரு விவரம் கேட்டுப் பெறுங்கள்: அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெறாமல் நிலுவை வைத்துள்ள மாணவர் எவராவது இருக்கிறாரா என்று. ஒருவர் இருந்தாலும் அவருக்கான வாய்ப்புகள் முடியும்வரை வினாத்தாள் அமைத்தே ஆக வேண்டும், ஆகவே எந்த ஆண்டு சேர்ந்தவர்களிலிருந்து நீக்கம் பொருந்தும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.