அல்ஜீப்ராவை திரும்ப படிக்கணும், எந்த புக்ல ஆரம்பிக்கலாம்?

ராத்திரி_படிப்பு:
எல்லாருக்கும் வணக்கம். நான் 2004ல பிளஸ் டூ முடிச்சேன், தமிழ் மீடியம், கணக்கு அப்ப நல்லாவே வரும், அப்புறம் பிகாம், வேலைன்னு போனதுல கணக்கோட தொடர்பே விட்டுப்போச்சு. இப்ப ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒழுங்கா கத்துக்கணும்னு ரொம்ப ஆசை, ஆனா எந்த புக்கை திறந்தாலும் கொஞ்ச பக்கத்துலயே பைனாமியல், லாக், சீரீஸ்னு வந்து நிக்குது. ஹால் அண்ட் நைட் எழுதின ஹையர் அல்ஜீப்ராதான் பெஸ்ட்னு சொன்னாங்க, வாங்கிட்டேன். முதல் பாடம் ரேஷியோ, விளக்கம் புரியுது, பின்னாடி இருக்கிற கணக்கு பாதிக்கு மேல போகல. கோச்சிங் போக நேரம் இல்ல, ராத்திரி ஒரு மணி நேரம்தான். எப்படி போகலாம்?

கணக்கு_டீச்சர்:
தம்பி, அந்த புக் அருமையான புக், ஆனா அது ரெண்டாவது புக். 1887ல வந்தது, பள்ளிக்கூட பிள்ளைங்களுக்கு அவங்களே முன்னாடி எழுதின எலிமெண்டரி அல்ஜீப்ராவோட தொடர்ச்சி அது, அதை முடிச்சவங்களுக்குன்னே எழுதினாங்க. அதனால முதல் பாடத்துலயே நீங்க திணறுறதுல ஆச்சரியமே இல்ல. நம்ம பாடநூல் கழக பிளஸ் ஒன் புக்கை இறக்கிக்கோங்க, இலவசம்தான். அதுல "அடிப்படை இயற்கணிதம்" பாடம் ஒண்ணுலயே இன்ஈக்குவாலிட்டி, பார்ஷியல் ஃப்ராக்‌ஷன், லாக் எல்லாம் வந்துடும். அப்புறம் பெர்முட்டேஷன் காம்பினேஷன், அப்புறம் பைனாமியலும் சீரீஸும். ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு இதுதான் உசுரு, ப்ராபபிலிட்டி டிஸ்ட்ரிபியூஷன் பாதி இதுல இருந்துதான் வருது. இங்கிலீஷ் மீடியம் புக்கும் பக்கத்துல வெச்சுக்கோங்க, அதே பாடம்தான், பின்னாடி வேற புக் படிக்கிறப்ப உதவும். இது முடிஞ்சதும் ஹால் அண்ட் நைட்டுக்கு வாங்க, வரிசையா போகணும்னு இல்ல, ஸ்கேல்ஸ் ஆஃப் நொட்டேஷன் எல்லாம் இப்ப உங்களுக்கு வேண்டாம்.

தென்காசிக்காரன்:
டீச்சர் சொன்னதுல ஒரே ஒரு மாற்றம் சொல்றேன். இருபது வருஷ கேப்னா பிளஸ் ஒன்னும் கஷ்டம்தான், பத்தாவது புக்ல மூணாவது பாடம் இயற்கணிதம், அதை முதல்ல போட்டு பாருங்க ப்ரோ. காரணிப்படுத்துறது கை தானா ஓடலைன்னா மேல எதுவும் ஓடாது.

மூலம்_தேடி:
புக்கை விட எப்படி படிக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம்னு நினைக்கிறேன். எடுத்துக்காட்டு கணக்கை வாசிக்காதீங்க, கேள்வியை மட்டும் பார்த்துட்டு விடையை பேப்பரால மூடிட்டு நீங்களே போடுங்க, நின்னா ஒரு வரி மட்டும் திறந்து பார்த்துட்டு திரும்ப மூடுங்க. வாசிச்சா எல்லாமே புரிஞ்ச மாதிரிதான் இருக்கும். அப்புறம் விடையை திரும்ப சமன்பாட்டுல போட்டு பார்க்கிற பழக்கம் ரொம்ப அவசியம். ரூட்டுக்குள்ள எக்ஸ் ப்ளஸ் 6, அந்தப் பக்கம் வெறும் எக்ஸ்னு ஒரு கணக்கு இருக்குன்னு வைங்க. ரெண்டு பக்கமும் ஸ்கொயர் பண்ணா 3, மைனஸ் 2ன்னு ரெண்டு விடை வரும். மைனஸ் 2ஐ போட்டு பாருங்க, இடது பக்கம் 2 வருது, வலது பக்கம் மைனஸ் 2, பொருந்தாது. ஸ்கொயர் பண்றப்ப அது புதுசா உள்ள வந்துடுது. இதுக்கு நேர்மாறு, எக்ஸ் ஸ்கொயர் சமம் 5 எக்ஸ்னு இருக்கிறப்ப எக்ஸால வகுத்துட்டா 5 மட்டும்தான் கிடைக்கும், 0 காணாம போயிடும். தனியா படிக்கிறவங்களை திருத்த ஆள் இல்ல, அதனால இந்த ரெண்டு இடத்துலயும் கவனமா இருங்க.

ராத்திரி_படிப்பு:
ரொம்ப நன்றி, ரெண்டாவது புக்குன்னு யாருமே சொல்லல. பத்தாவது புக் இறக்கிட்டேன். ஒரு சந்தேகம், ஒரு பாடத்துல எல்லா கணக்கையும் போட்டாத்தான் அடுத்ததுக்கு போகணுமா?

கணக்கு_டீச்சர்:
வேண்டாம் தம்பி. ஒண்ணு விட்டு ஒண்ணு போடுங்க, விட்டதை ஒரு மாசம் கழிச்சு வந்து போடுங்க. அப்ப எது வரலையோ அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி படிச்சா போதும்.