தத்த மறுக்கும் ரோவர்: யாராவது உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சிறுகோளில் ரோவர் (தரையில் நகரும் ஆளில்லா ஆய்வு வண்டி) தானாக வழி தேடிப் போவதுதான் என் புராஜெக்ட்.

2018-இல் ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம் ரியூகு என்ற சிறுகோளில் இறக்கிய மினெர்வா ரோவர்களுக்குச் சக்கரமே கிடையாது. ஈர்ப்பு அவ்வளவு குறைவு, சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்காது. உள்ளே மோட்டார் சுழலும் விசையில் வண்டி தத்தும். அதே மாதிரி ஒன்றைத்தான் சிமுலேஷனில் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் (செய்து பார்த்து, மதிப்பெண்ணும் அபராதமும் வாங்கித் தானே கற்கும் முறை) மூலம் பழக்குகிறேன்.

இலக்கை நெருங்கினால் மதிப்பெண், விடுபடு வேகத்தை (சிறுகோளின் ஈர்ப்பிலிருந்து தப்பிப் போகும் வேகம்) தாண்டிப் பறந்துபோனால் பெரிய அபராதம் என்று வைத்தேன். ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்த்தால், நம்ம ஆள் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்! அபராதத்தைக் குறைத்தால் மூன்றாவது தத்திலேயே விண்வெளிக்குக் கிளம்பிவிடுகிறான்.

அப்புறம் கேமரா படத்தில் பள்ளத்தைக் கண்டுபிடிக்கும் புரோகிராம். கிருஷ்ணகிரி மலைப் பாறைகளைப் படமெடுத்து அதைப் பழக்கினேன். நிழலையும் பள்ளம் என்கிறது. ரியூகுவோ ஏழரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்து ஒரு சுற்று சுற்றுகிறது, நிழல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அபராதத்தை எப்படி அமைப்பது? முதலில் சமதளம், பிறகு பாறை என்று படிப்படியாகப் பழக்கினால் சரிவருமா? என் லேப்டாப்பில் ஜிபியு (இந்த மாதிரிப் பழக்கலை வேகமாக்கும் சிப்) இல்லை. ஓசூர், தர்மபுரிப் பக்கம் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிறேன்.