உதவி: ‘சானிட்டரி லேண்ட்ஃபில்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

வளர்மதி, திண்டிவனம் – திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். தூய்மைப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, உரக்குழி, வளம் மீட்புப் பூங்கா இதிலெல்லாம் சிக்கல் இல்லை. அவர்களே தினமும் சொல்கிற சொற்கள். முட்டுவது ஒரே இடத்தில்தான். மூலத்தில் ‘டம்ப் யார்டு’ வேறு, ‘சானிட்டரி லேண்ட்ஃபில்’ வேறு. முதலாவது சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி மாதிரி வந்ததையெல்லாம் கொட்டிய இடம். இரண்டாவதில், திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, உரத்துக்கும் மறுசுழற்சிக்கும் எரிக்கவும் உதவாத கடைசி மிச்சம் மட்டும்தான் போகலாம். அடியில் 90 சென்டிமீட்டர் களிமண், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக் விரிப்பு, ஊறி இறங்கும் நீரைப் பிடிக்கக் குழாய் என்று கட்டுமானமே வேறு.

இரண்டையும் ‘குப்பைக் கிடங்கு’ என்று எழுதினால் அந்த அத்தியாயமே வீண். ‘சுகாதார நிலநிரப்பு’ என்று எழுதிப் படித்துக் காட்டினேன். ஒரு மேஸ்திரி அம்மா, “நெலத்துல என்னத்த நெரப்பறது, தண்ணியா?” என்று கேட்டுவிட்டார். கைகொடுங்கள்.

சண்முகம், தஞ்சாவூர் – செவ்வாய் காலை

அம்மா வளர்மதி, திண்டிவனத்தில் இருந்துகொண்டு கிடங்கைத் தள்ளலாமா? சிறுபாணாற்றுப்படைத் தலைவன் நல்லியக்கோடனின் ‘கிடங்கில்’ என்ற ஊர் உங்கள் ஊரோடு ஒட்டியதுதானே! கிடங்கு என்றால் முதலில் அகழி. ‘மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கின்’ என்பது மதுரைக்காஞ்சி. சரக்கு வைக்கும் அறை என்ற பொருள் பிற்பாடு ஏறியது. ‘கோடவுன்’ என்ற ஆங்கிலச் சொல்லே மலாய் வழியாக இதிலிருந்து போனது என்பாரும் உண்டு.

‘குப்பை’யும் அப்படித்தான். பழைய பொருள் குவியல், அவ்வளவே. அழுக்கு நாம் பின்னால் சேர்த்தது. நற்றிணை 331இல் ‘உவர்விளை உப்பின் உழாஅ உழவர்’, உப்பு வணிகர்களான உமணரின் வண்டி வரும்வரை உப்பைக் குவித்துக் காவல் காக்கிறார்கள். ‘கானல் இட்ட காவற் குப்பை’ என்கிறது பாட்டு. கண்டபடி கொட்டாமல், கண்காணித்து வைத்த குவியல். சானிட்டரி லேண்ட்ஃபில்லுக்கு இதைவிட என்ன வேண்டும்? காவற்குப்பை. எழுதிவிடுங்கள்.

முருகேசன், கோவை – செவ்வாய் மதியம்

ஐயா, படித்து ரசித்தேன். ஆனால் லாரி ஓட்டுநரிடம் ‘காவற்குப்பைக்கு ஓட்டுங்க’ என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுவார். அவர்கள் சொல்வது ‘யார்டு’. ‘லேண்ட்ஃபில்’ என்றே போட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் கொடுங்கள். பஸ்ஸைப் பேருந்து ஆக்கி ஐம்பது வருஷம் இருக்கும், இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறோம்.

விளக்கத்தில் தீயைச் சேர்க்க மறக்க வேண்டாம். ஈரக் குப்பை காற்றுப் படாமல் புதைந்தால் எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயு உண்டாகும். 2022 ஏப்ரலில் பெருங்குடி நாள்கணக்கில் எரிந்தது, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்திலேயே. இப்போது அங்கே பழைய குப்பையைக் கிளறிச் சலித்து, மண்ணைத் தனியாகவும் எரியக்கூடிய பிளாஸ்டிக்கைத் தனியாகவும் எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. வீட்டு வாசலில் இரண்டு வாளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

குகன், யாழ்ப்பாணம் – செவ்வாய் இரவு

சண்முகம் ஐயா சொன்ன கிடங்கு எங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வாழை வைக்கக் கிடங்கு வெட்டுவோம், றோட்டில் கிடங்கு விழுந்திருக்கு என்போம். எங்களுக்கு அது பள்ளம். ஆகவே ‘குப்பைக் கிடங்கு’ என்று நீங்கள் எழுதினால் நான் பள்ளத்தை நினைப்பேன், நீங்கள் மலையைக் காட்டுவீர்கள்! மலைக்கு நாங்கள் சொல்வது குப்பைமேடு. 2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் அந்த மேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை லேசாகக் கதைக்க முடிவதில்லை.

என் பரிந்துரை: கொட்டுகிற இடம் குப்பைமேடு, விரிப்புப் போட்டுப் புதைக்கிற இடம் புதைகிடங்கு. விரிப்பைப் பற்றி அழுத்தி எழுதுங்கள். எங்கள் குடாநாடு சுண்ணக்கல்; மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்கு வர நாள் எடுக்காது.

செல்வி, சிங்கப்பூர் – புதன் காலை

மலாயில் இன்றும் ‘கூடாங்’தான், சண்முகம் ஐயாவுக்கு ஒரு மதிப்பெண். ஆனால் பள்ளம், மேடு இரண்டுமே எங்களிடம் செல்லாது. எங்கள் லேண்ட்ஃபில்லான செமக்காவ் 1999 முதல் நடக்கிறது. இரண்டு தீவுகளுக்கு இடையிலிருந்த கடலை 7 கிலோமீட்டர் கரை கட்டி வளைத்து, எரித்த குப்பையின் சாம்பலைப் படகில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். அங்கே நிலத்தை நிரப்பவில்லை, நிலத்தையே உண்டாக்குகிறோம். 2035 வாக்கில் அதுவும் நிறைந்துவிடும் என்கிறார்கள். எல்லா ஊருக்கும் பொருந்துகிற சொல்லானால் நல்லது.

ராஜேஸ்வரி, மதுரை – புதன் மாலை

எல்லா ஊருக்கும் வேண்டாம் செல்வி, முதலில் வெள்ளிக்கிழமைக்கு வேண்டும்.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். ‘மக்கும்’ என்றாலே பின்வரிசை, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கும். ஆனாலும் அந்தச் சொல் நின்றுவிட்டது. ஏன்? கொல்லைக் குப்பைக்குழியில் சாணமும் கூளமும் மக்குவதைப் பார்த்தவர்கள் வாயிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் வயலுக்குக் ‘குப்பை அடிப்பது’ என்றால் எரு அடிப்பது. அந்தக் குழி நிறையும், வண்டியில் போகும், மறுபடி காலியாகும். நிறைந்தே கிடக்கிற குழி என்று ஒன்று அப்போது கிடையாது.

எனவே சொல்லில் வர வேண்டியது இடம் அல்ல, என்ன போகிறது என்பது. வளர்மதி தன் கடிதத்திலேயே ‘கடைசி மிச்சம்’ என்று சொல்லிவிட்டார். மிச்சக்குழி.

சண்முகம், தஞ்சாவூர் – புதன் இரவு

மிச்சம் கொச்சை. எச்சக்குழி என்றால் ஒப்புவேன். ‘எச்சத்தாற் காணப்படும்’ என்று வள்ளுவரே சொல்கிறார். ஒரு ஊரின் தகுதியும் அது விட்டுப்போகும் எச்சத்தில் தெரியும் அல்லவா.

முருகேசன், கோவை – புதன் இரவு

எச்சம் என்றால் என் பிள்ளைகளுக்குக் காக்கா போட்டதுதான், ஐயா. எனக்கு இலக்கண வகுப்பில் வந்த பெயரெச்சம், வினையெச்சம் காய்ச்சல் இன்னும் விடவில்லை.

ராஜேஸ்வரி, மதுரை – வியாழன் காலை

மிச்சம் கொச்சையா? குறள் 85: ‘விருந்தோம்பி மிச்சில் மிசைவான் புலம்’. அந்த மிச்சிலின் பிள்ளைதான் இது.

சண்முகம், தஞ்சாவூர் – வியாழன் மதியம்

அது விருந்தினர் உண்டபின் எஞ்சிய சோறு, அம்மா. உண்ணத் தகுந்த சொல்லைக் கொண்டுபோய் இதில் போடுவதா? உங்கள் மிச்சக்குழியில் மிசையப் போவது யார்?

குகன், யாழ்ப்பாணம் – வியாழன் மதியம்

மாடு. பெரும்பாலும் பிளாஸ்டிக் பையோடு. நான் மிச்சக்குழிக்கே கை தூக்குகிறேன், புதைகிடங்கைத் திரும்பப் பெறுகிறேன். புதைகுழி ஞாபகம் வருகிறது என்று மனைவி சொல்கிறார். இந்த நாட்டில் அது வேண்டாம்.

செல்வி, சிங்கப்பூர் – வியாழன் இரவு

குழி என்பதற்கு என் மறுப்பைப் பதிவு செய்துவிட்டு நானும் சரி என்கிறேன். நாளை காலை வேலைக்குப் போக வேண்டும்.

வளர்மதி, திண்டிவனம் – வெள்ளி மாலை

கோப்பை அனுப்பிவிட்டேன். பழையது ‘குப்பைமேடு’, புதியது ‘மிச்சக்குழி’. முருகேசன் அண்ணனுக்காக முதல் இடத்தில் மட்டும் ‘லேண்ட்ஃபில் எனப்படும்’ என்று சேர்த்திருக்கிறேன். அனுப்பும் முன் அதே மேஸ்திரி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சொல் உடனே புரிந்தது. “மிச்சக்குழின்னா மிச்சந்தானே போகணும்? எங்க வண்டியில எல்லாம் கலந்துல்ல வருது?” என்றார். அதற்குக் கையேட்டில் பதில் இல்லை. பிரித்து வாங்குவது பற்றிய பகுதியை அந்த அத்தியாயத்துக்கு முன்னால் நகர்த்தினேன். பக்க எண்ணெல்லாம் மாறி, அச்சகத்தார் கோபத்தில் இருக்கிறார்.

சண்முகம், தஞ்சாவூர் – சனி காலை

அச்சாகட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது காவற்குப்பையோடு மறுபடி வருவேன். இப்போதைக்கு, பொருளடக்கத்தில் ‘மிச்சகுழி’ என்று ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.